மூடியில் வைத்த பொட்டு

எங்கள் குஷன் கடையில், துணியைப் பலகையோடு சேர்த்து அடிக்கும் பின் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஒன்பது மில்லி பிளைவுட்டுக்கு எட்டு மில்லி பின். சோபாவின் கட்டைச் சட்டத்துக்குப் பன்னிரண்டு. பலகையின் கனத்தைவிட பின்னின் கால் ஒரு மில்லியாவது குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இதைப் பதினாறு வருஷமாக என் வீட்டுக்காரருக்குச் சொல்லி வருகிறேன். குஷன் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்பது வேறு விஷயம்.

அவருக்கு எல்லாம் கண்ணளவு. பின் சரத்தை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். நகத்துக்குள் அடங்கினால் எட்டு, தாண்டினால் பன்னிரண்டு. "நகம் வளந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "வெட்டிப்பேன்" என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு ஒரே கடையில் தொழில் செய்ய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் கறாராக இருந்துதான் ஆக வேண்டும்.

பின்னை அடைத்து வரும் அட்டைப்பெட்டி எங்கள் கடை ஈரத்தில் ஒரு மாதம் தாங்காது. அதனால் ஒரே அளவில் இரண்டு பிஸ்கட் டப்பா வைத்து, ஒன்றில் எட்டையும் ஒன்றில் பன்னிரண்டையும் கொட்டி வைத்திருந்தேன். எட்டு டப்பாவின் மூடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு. பன்னிரண்டின் மூடியில் ஊதாப் பொட்டு. அன்றைக்கே அவர் சொன்னார்: "டப்பாவுல வை. மூடி மாறும்."

"ஸ்டூல்ல இருந்து குனிஞ்சு பாத்தா மூடிதான் தெரியும். டப்பாவா தெரியும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். ஒரு பல் டாக்டரின் காத்திருக்கும் அறைக்கு நீள சோபா. அவர் கட்டைச் சட்டத்தில் துணியை இழுத்துப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் ஓடும் சத்தம், நடுவில் பின் அடிக்கும் கன்னின் சத்தம். திடீரென்று கன் நின்றது.

"இது கடிக்கவே மாட்டேங்குது" என்றார். துணியை இலேசாக இழுத்துக் காட்டினார். வரிசையாக ஐந்தாறு பின் கழன்று கையோடு வந்தது.

"காத்து கம்மியா இருக்கும்."

"காத்து சரியாத்தான் இருக்கு. பின்னைப் பாரு."

வாங்கிப் பார்த்தேன். எட்டு. கட்டைச் சட்டத்தில் எட்டை அடித்தால், ஃபோமும் இரண்டு மடிப்புத் துணியும் போக மரத்துக்குள் இறங்க என்ன மிச்சமிருக்கும்? வாய் தன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. "எத்தனை தடவை சொல்றது? ஊதாப் பொட்டு டப்பாவுல இருந்து எடுங்கன்னு..."

"ஊதாவுல இருந்துதான் எடுத்தேன்."

டப்பாவைப் பார்த்தேன். ஊதாப் பொட்டு வைத்த மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே முழுக்க எட்டு. சனிக்கிழமை காலையில் கடையைச் சுத்தம் செய்தபோது, மூடிகளில் பிசின் படிந்திருக்கிறது என்று அவற்றை மட்டும் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தவள் நான். திரும்ப மூடியதும் நான்.

சரி, ஊதா மூடிக்குக் கீழே எட்டு இருந்தால், சனிக்கிழமை மதியத்திலிருந்து சிவப்பு மூடிக்குக் கீழே இருந்தது என்ன? சனிக்கிழமை மதியம் நான் சிவப்பு டப்பாவிலிருந்து சரம் சரமாக எடுத்து எதில் அடித்தேன்?

கையிலிருந்த ஊசியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் நான் அடித்தது குழந்தைக் கட்டில். என் நாத்தனாரின் குழந்தைக்கு. பிறந்து ஐந்தாம் நாளான அந்தக் குழந்தை, அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதாக இருந்தது.

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தெட்டு வயதிலும் அவள் பாப்பாதான். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நின்று, "இனிமே இதைப் பாப்பான்னு கூப்பிட்டா இவ திரும்புவாளே" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணி, கட்டில் நீங்கதான் செஞ்சு தரணும். ஓரமெல்லாம் மெத்து மெத்துன்னு இருக்கணும்" என்றாள். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. "முதல்ல தங்கட்டும். அப்புறம் கட்டிலைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

பத்தாம் நாள் தங்காமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. 'வாங்க' உண்டு. 'சாப்பிட்டீங்களா' உண்டு. கண்ணைப் பார்ப்பது மட்டும் இல்லை. இந்த முறை ஏழாம் மாதம்வரை எனக்குச் சொல்லவே வேண்டாமென்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள். அவர் வாயிலிருந்து எட்டாம் மாதம்தான் விஷயம் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே அது அதிசயமாக இருந்தது.

யாரும் கேட்காமலே கட்டில் செய்தேன். சட்டம் மட்டும் தச்சு வேலைக்காரரிடம் வாங்கினேன். நான்கு பக்கமும் பிளைவுட் தட்டி, அதன் மேல் ஃபோம், அதன் மேல் வெள்ளைப் பருத்தித் துணி. துணியை மூன்று முறை தண்ணீரில் அலசிக் காய வைத்தேன். "ஒரு பின்கூட நீங்க அடிக்கக் கூடாது" என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. திட்ட வரும், செய்து கொடுக்க வரும், நடுவில் இருப்பது எதுவும் வராது. அந்தக் கட்டில்தான் நான் சொல்ல வேண்டியது.

அதில்தான் ஒன்பது மில்லி பலகையில் பன்னிரண்டு மில்லி பின்னை அடித்து வைத்திருக்கிறேன். தட்டியின் முதுகில் அடித்த பின்னின் முனை, துணியின் கனம் போக இரண்டு மில்லியாவது முன்பக்கம் எட்டிப் பார்க்கும். நடுவில் ஃபோம் தடிமனாக இருக்கிறது, பரவாயில்லை. ஓரத்தில் ஃபோமை இழுத்து மடிக்கும்போது அது அப்பளமாக நசுங்கியிருக்கும். பின் அடிப்பது முழுக்க ஓரத்தில்தான். குழந்தையின் தலை போய் முட்டுவதும் ஓரத்தில்தான்.

சாதாரணமாக இந்தத் தப்பு எங்கள் கடையைத் தாண்டாது. எந்தச் சாமானாக இருந்தாலும் முடிந்ததும் அவர் 'கை ஓட்டுவார்'. இரண்டு உள்ளங்கையாலும் இண்டு இடுக்கு விடாமல் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். எங்காவது முனை தெரிந்தால் அந்தக் காய்த்துப்போன கைக்குத் தெரிந்துவிடும். அன்றும் கை ஓட்டத்தான் வந்தார். கையில் வார்னிஷ் கறை. "கிட்ட வராதீங்க, வெள்ளைத் துணி" என்று விரட்டிவிட்டு, அப்போதே பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சுற்றிவிட்டேன். நானும் தொட்டுப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. தடவிப் பார்த்தேன். அமுக்கிப் பார்க்கவில்லை, துணி கசங்குமே என்று.

"என்ன, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"நூல் தீந்துபோச்சு. போய் வாங்கிட்டு வரேன்."

அவர் என் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தார். அதில் முழு நூல்கண்டு மூன்று இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த எட்டு மில்லிப் பின்னைப் பார்த்தார்.

"சரி, பாத்துப் போ" என்றார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன, தலையையா எடுத்துவிடுவார்? பதினாறு வருஷம் பின்னுக்காக அந்த மனுஷனைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். ஒருமுறை வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டிருக்கிறேன், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத கையா என்று. அந்த வாயை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? தட்டை ஸ்க்ரூடிரைவர், குறடு, கையால் அமுக்கி அடிக்கும் சின்ன கன் எல்லாவற்றையும் பையில் போட்டேன். சின்ன கன்னுக்கு வேறு மாதிரிப் பின், அதில் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. எட்டுதானா என்று பெட்டியில் மூன்று முறை படித்தேன். நூல் வாங்கப் போகிறவள் இதையெல்லாம் எதற்கு எடுக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போதே பாப்பாவுக்குப் போன் போட்டேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. மறுபடி போட்டேன். அதே. என்ன சொல்வது என்றும் முடிவு செய்யவில்லை. வார்னிஷ் வாசனை போகவில்லை, குழந்தையைப் போடாதே என்று சொல்லலாமா? பொய்தான். ஆனால் பொய் சொன்னாலும் குழந்தை தப்பிக்குமே. மூன்றாவது முறையும் அதே. இவ்வளவு நேரம் யாரோடு பேசுகிறாள் என்று எரிச்சல் வந்தது. ஐந்து நாள் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன அப்படி அரட்டை?

பாப்பாவின் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சின்ன வண்டி ஒன்றில் கட்டிலை ஏற்றிப்போய், அவரும் நானுமாகத்தான் இரண்டு மாடி தூக்கி ஜன்னல் ஓரமாக வைத்தோம். அவருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலாவது முறை பாப்பாவுக்குப் போட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்று நினைப்போ என்னவோ. கண்டக்டர் இரண்டு முறை, "உள்ள இடம் இருக்கும்மா, உக்காருங்க" என்றார். மூன்றாவது முறை, "நீங்க நின்னாலும் உக்காந்தாலும் சிக்னல் ஒண்ணுதான்" என்றார். பதிலுக்கு ஏதாவது கொடுத்திருப்பேன் வேறு நாளாக இருந்தால். பேசாமல் உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

மணி பத்தே கால். பத்தரை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் சாவகாசமாக இறங்கினார். ஒருவர் இறங்கிய பிறகு பையை மறந்துவிட்டேன் என்று திரும்ப ஏறினார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. தலைமாட்டுத் தட்டியில் எத்தனை பின் அடித்தேன் என்று எண்ணிப் பார்த்தது. இரண்டு விரல்கடைக்கு ஒன்று. நான்கு பக்கமும் சேர்த்து நூறுக்குக் குறையாது. நூறில் ஒன்று போதும். அந்த மண்டையில் இன்னும் எலும்பே சேர்ந்திருக்காது, உச்சியில் தொட்டால் அமுங்கும்.

அதைவிட அசிங்கமான ஒன்றையும் மனசு நினைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்தால் பாப்பா என்ன நினைப்பாள்? அன்றைக்கு வாயால் சொன்னவள் இன்றைக்குக் கையால் செய்துவிட்டாள் என்றுதானே நினைப்பாள்? குழந்தைக்காகப் பதறுகிறேனா, என் பெயருக்காகப் பதறுகிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்துகிடந்தது. அதை நினைத்தால் அதற்கு வேறு வெட்கம்.

மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றேவிட்டது. குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் பார்த்தேன். இறங்கிவிட்டேன். அங்கிருந்து அவள் வீடு நடந்தால் இருபது நிமிஷம். நான் நடக்கவில்லை. நாற்பத்தாறு வயதில், தோளில் இரும்புச் சாமான் பையோடு, நடுரோட்டில் ஒருத்தி ஓடினால் என்ன நினைப்பார்கள்? எங்கேயோ திருடிவிட்டு ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கடைக்காரர் எழுந்தேகூட நின்று பார்த்தார்.

செருப்பு வார் ஒரு பக்கம் பிய்ந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பதினொன்று ஐந்து. வீட்டு வாசலில் அண்ணாவின் ஸ்கூட்டர் நின்றது. வாடகைக் கார் ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வந்துவிட்டார்கள்.

இரண்டு மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. கூடத்தில் யாருமில்லை, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நேரே ஜன்னல் அறைக்குப் போனேன்.

கட்டிலின் பிளாஸ்டிக் தாளைப் பிரித்திருந்தார்கள். உள்ளே, தலைமாட்டுத் தட்டியை ஒட்டினாற்போல், பூப்போட்ட போர்வைக்குள் ஒரு சின்ன உருண்டை அசையாமல் கிடந்தது.

"ஐயோ" என்று நான்தான் கத்தியிருக்க வேண்டும். இரண்டு கையையும் விட்டு அதை வாரி எடுத்தேன். எடுக்கும்போது புறங்கை தட்டியின் ஓரத்தில் அழுந்தியது. சுருக்கென்று ஏறியது. கையில் வந்த போர்வை கனக்கவே இல்லை. பிரிந்து விழுந்தது. உள்ளே மடித்து வைத்த துணிகளும் ஒரு துவாலையும்.

"என்ன அண்ணி?"

பாப்பா அடுத்த அறை வாசலில் நின்றிருந்தாள். தோளில் குழந்தை. நல்ல தூக்கம், வாய் மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த குறட்டைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?" என்றாள். "அண்ணன் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காலைல போன் பண்ணினான். நாங்க டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குற நேரம். 'கட்டில்ல குழந்தையைப் போட்டுடாத. பின் அளவு மாறிப்போச்சு. நான்தான் கவனிக்காம தப்பா அடிச்சுட்டேன். சாயங்காலம் வந்து சரி பண்ணித் தரேன். அண்ணிக்குத் தெரிய வேணாம்'னான். எத்தனை தடவைன்னு நினைக்கிறீங்க? 'போட மாட்டேன், வை'ன்னா வைக்கவே மாட்டேங்குறான். பேசிப் பேசி என் போன்ல சார்ஜே போச்சு."

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அவனைத் திட்டாதீங்க அண்ணி. ஒரு நாளைக்காவது. பாவம், உங்களுக்கு எவ்வளவு பயந்துக்கிறான் தெரியுமா?"

இப்போது புரிந்தது. அந்த எட்டு மில்லிப் பின்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று. நான் கடைப் படி இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். கண்ணளவுக்காரர்.

அப்படியே விட்டிருக்கலாம். வழியை அழகாகப் போட்டு வைத்திருந்தார் மனுஷர். நான் அவரை நாலு வார்த்தை திட்டுவதுபோல் திட்டினால் போதும். கட்டில் என் கட்டிலாகவே இருக்கும். தப்பு அவருடையதாக இருக்கும். பாப்பாவும் நானும் ஒரு பக்கமாக நின்று, அவர் கையைக் குறை சொல்லிச் சிரித்திருக்கலாம். மூன்று வருஷம் கழித்து முதல்தடவையாக அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

புறங்கையைப் பார்த்தேன். ரத்தம் முத்தாக நின்றது. தட்டியின் வெள்ளை ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

"அவர் அடிக்கலை" என்றேன். "இந்தக் கட்டில்ல ஒரு பின்கூட அவர் அடிக்கலை. கைவைக்கவே நான் விடலை. டப்பா மூடியை மாத்திப் போட்டது நான். அடிச்சது நான். முடிஞ்சதும் கை ஓட்டிப் பாக்க வந்தாரு, கை அழுக்குன்னு விரட்டினதும் நான்தான்."

குளியலறையில் தண்ணீர் நின்றது. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கையும் நின்றது.

"நீ என்ன வேணா நினைச்சுக்க. ஆனா அவர் இல்லை."

அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வேலையை ஆரம்பித்தேன். தட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பிப் போட்டு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, குறட்டால் பிடுங்கினேன். அண்ணா ஈரத்தலையோடு வந்து எட்டிப் பார்த்தார். மனைவி முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார், பின்களைப் போட. பிறகு எதற்கு வம்பு என்று கூடத்துக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பின்னும் கிண்ணத்தில் விழும்போது சத்தம் கேட்டது. பாப்பா போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது தட்டியை எடுத்தபோது அண்ணாவின் போன் அடித்தது. "உங்களுக்குத்தான்" என்று கொண்டுவந்து கொடுத்தார்.

"நூல் கிடைச்சுதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூடியை மாத்தினது நான்" என்றேன்.

"தெரியும். சனிக்கிழமை நீதானே கழுவின."

"அப்புறம் எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"என் மேலதான் ஏற்கனவே அவ்வளவு கிடக்கே. அதுல ஒண்ணு கூடினா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "குழந்தை எப்படி இருக்கு?"

"தூங்குது."

"சின்ன பாப்பாவா, பெரிய பாப்பாவா?"

"வைங்க" என்றேன். குரல் அவரைத் திட்டுவதுபோலத்தான் வந்தது. வேறு மாதிரி அதற்கு வரத் தெரியாது.

நான்கு தட்டியும் முடிந்தது. பிடுங்கிய பின் நூற்றுப் பன்னிரண்டு. துணியைத் திரும்ப இழுத்து, சின்ன கன்னால் எட்டு மில்லிப் பின்னை அடித்தேன். ஒவ்வொரு சரத்தையும் போடுவதற்கு முன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன். தட்டிகளை மாட்டியதும் இரண்டு உள்ளங்கையாலும் கை ஓட்டினேன். துணி கசங்கியது. கசங்கட்டும் என்று விட்டேன். ரத்தம் பட்ட இடம் மட்டும் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. அந்தத் தட்டிக்கு வேறு துணி போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அண்ணி" என்றாள் பாப்பா. இவ்வளவு நேரம் கழித்து வந்த முதல் வார்த்தை. "அன்னைக்குச் சொன்னீங்களே, தங்கட்டும்னு. அதுவும் இப்படித்தானா? தெரியாமத்தானா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி வாய் துடித்தது. அதற்காகத்தான் அவளும் கேட்கிறாள் என்று தோன்றியது.

"இல்லை" என்றேன். "இதுதான் தெரியாம நடந்தது. அது தெரிஞ்சே சொன்னது. வாய்க்கொழுப்பு. சும்மா இருக்கத் தெரியாத வாய். சொன்ன அன்னைக்கு ராத்திரியே சுருக்குன்னு இருந்துச்சு. மூணு வருஷமா எடுக்கவும் முடியலை, அதைப் பத்திப் பேசவும் முடியலை. என்னை மன்னிச்சுடு பாப்பா."

வராது என்று நினைத்திருந்தது வந்துவிட்டது. வந்த பிறகு அது அவ்வளவு பெரிய வார்த்தையாகவும் இல்லை. கிண்ணத்தை எடுத்துப் பைக்குள் கவிழ்த்தேன். குறட்டைப் போட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

அவள் எழுந்து கட்டில் பக்கம் வந்தாள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலைமாட்டு ஓரத்தை அமுக்கினாள். மெதுவாக அல்ல, நன்றாகவே அமுக்கினாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. பிறகு பக்கத்துத் தட்டி. பிறகு கால்மாடு. நான் நின்றுகொண்டிருந்தேன். நான்காவது தட்டியும் முடிந்தது.

குழந்தையைக் கட்டிலில் போடப்போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள். "ரத்தமா இருக்கு. கழுவிட்டு வந்து இவனை வாங்கிக்கோங்க. எனக்குத் தோள் வலிக்குது."

நான் போய் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.